கல்தொட்டியில் மீன் இல்லை

சாரதாம்பாளின் வலது கை குட்டைத் தண்ணீருக்குள் முழங்கைவரை இருந்தது. இடது கையில் பழைய கொசுவலைத் துணியில் தைத்த சின்ன வலை. வெயில் படும் கரையோரத்தில்தான் கொசுமீன் கூட்டமாக நிற்கும். வலது கை மெல்லக் கலக்கி விரட்டும், இடது கை ஏந்திக்கொள்ளும். ஏந்தியதை அப்படியே பெயிண்ட் வாளிக்குள் கவிழ்த்தாள். விரல் நகத்தளவு மீன்கள். கொசுப்புழு என்றால் அவற்றுக்குச் சோறு.

குட்டை என்று சொல்கிறார்களே தவிர, அது கல் வெட்டிய பள்ளம். சிறுகுன்றூரின் குன்றில் பாதியை லாரிகள் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. மிச்சம் நிற்கிற பாறை மாமல்லபுரம் பக்கம் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் கடித்து வைத்த கொய்யா மாதிரி தெரியும். ஐப்பசியில் மழை பிடித்ததும் சரிவில் வழிகிற தண்ணீர் வெடி வைத்த குழி, லாரித் தடம், வீட்டுக்கு வீடு வைத்திருக்கிற தொட்டி எல்லாவற்றிலும் நின்றுவிடும். கடலோர ஊர்களில் மணல் குடித்துவிடும். இங்கே கல் குடிக்காது. மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்ததும் கொசு கிளம்பும். கார்த்திகை முழுக்கப் பெருகும். மார்கழிப் பனி விழுந்தால் அடங்கும். இந்த வருடம் மார்கழி பிறந்தும் அடங்கவில்லை.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. குவாரி ஓடிய காலத்தில் ஜல்லி சுமந்தவள் சாரதாம்பாள். குவாரி மூடியபின் ஒப்பந்தத்தில் கொசு ஒழிப்பு வேலைக்கு வந்தாள். காலையில் டார்ச், வெள்ளைக் கரண்டி, மருந்துப் புட்டி மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவாள். தொட்டியில் டார்ச் அடிப்பாள், கரண்டியில் மொள்ளுவாள், புழு இருந்தால் கேட்காமல் கவிழ்ப்பாள். "பைப்புல தண்ணி வர்றதே அத்திப்பூ மாதிரி, இவ வந்து கொட்டிட்டுப் போறா" என்று ஊர் முழுக்கத் திட்டும். கொசுக்காரம்மா என்று பெயர். பெயரைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அவளுக்குத் தெரிந்த பாடம் சின்னது. தலைகீழாகத் தொங்கி நெளிகிற புழு ஒரு ரகம். தண்ணீர் மட்டத்தில் ஈர்க்குச்சித் துண்டு மாதிரி மல்லாந்து படுத்திருக்கிற புழு இன்னொரு ரகம். படுத்திருப்பதுதான் மலேரியாக் கொசுவின் குஞ்சு.

அந்த மாதம் முழுக்க ஊரில் ஒரு தொட்டியிலும் படுத்த புழு அகப்படவில்லை. ஆனால் அந்தி நேரத்தில் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்காருகிற கொசுவைச் சுவரில் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கிருந்து வருகிறது? தெரியவில்லை. தெரியாதபோது சும்மா இருக்காமல் எல்லாக் கிணற்றிலும் இன்னும் கொஞ்சம் மீன் விடலாம் என்றுதான் அன்று காலை குட்டைக்கு வந்தாள்.

"இன்னா மாளிகைப்புறம், நாங்க வுட்ட மீனையே திரும்பப் புடிச்சிகினு கீறீங்க?"

தாமோதரன். மாமல்லபுரம் ரோட்டில் சிற்பப் பட்டறை வைத்திருப்பவர். சாரதாம்பாளின் வீட்டுக்காரர் ராஜாராம் அவரிடம்தான் கல்வேலை செய்கிறார். இரண்டு பேரும் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்கள். கறுப்பு வேட்டி, வளர்ந்த தாடி, கழுத்தில் துளசிமணி. மாலை போட்டவர்களை ஊரே சாமி என்றுதான் கூப்பிடும். பெண்களை அவர்கள் மாளிகைப்புறம் என்பார்கள்.

"நீங்க எப்ப மீன் வுட்டீங்க சாமி?"

"நம்ப கல்தொட்டியில நீந்திகினு கெடந்துச்சே, அதான். மாலை போட்ட அன்னிக்கே குருசாமி பாத்துட்டார். வெரதத்துல கவுச்சித் தண்ணியான்னு கேட்டார். ஒண்ணுகூட சாவக் கூடாதுன்னு துண்டுல வடிகட்டி, இங்க கொணாந்து வுட்டோம். எவ்ளோ பெரிய புண்ணியம்!"

சாரதாம்பாளின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"அப்போலேர்ந்து தொட்டியில மீன் இல்லியா?"

"ஒண்ணுகூட இல்ல. சுத்தம்."

அவள் எழுந்தாள். வாளியை மறந்துவிட்டு நாலடி நடந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள்.

குன்றின் அடிவாரத்தில் சாமிமார் கொட்டகை. தகரக் கூரை, மூன்று பக்கம் கீற்று, தரையில் கோரைப்பாய். பத்துப் பேர் அங்கேதான் படுக்கை. விரதத்தில் மெத்தை கிடையாது, கொசுவலையும் கிடையாது. கொட்டகைக்குப் பின்னால் பாறை நிழலில் அந்தக் கல்தொட்டி. ஒரு ஹோட்டல்காரர் பூ மிதக்கவிட என்று தாமோதரனிடம் செய்யச் சொன்னது. ஓரம் சில்லு போனதால் வேண்டாம் என்றுவிட்டார். தாமோதரன் அதைச் சாமிமார் குளிக்க உபயமாகக் கொடுத்தார். ஆள் படுக்கிற நீளம். பூ மிதப்பதற்கான தொட்டி என்பதால் அடியில் ஓட்டை இல்லை. மழைக்கு முன்னால் அதில் கைநிறைய மீன் விட்டவள் சாரதாம்பாள்தான்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனவள், அவளே மலைக்குப் போகலாம். ஆனாலும் சாமிமார் குளிக்கிற தண்ணீர், நாம் ஏன் கை வைக்க வேண்டும் என்று அவளாகவே ஒதுங்கினாள். ஊரில் எல்லா வீட்டுத் தொட்டியையும் கவிழ்த்தவள் இந்த ஒரு தொட்டியை மட்டும் சுற்றிக்கொண்டு போனாள். மீன் இருக்கிறதே என்ற தைரியம் வேறு.

இப்போது குனிந்து டார்ச் அடித்தாள். தினமும் அந்தியில் குழாய் வைத்து மேலே மேலே நிரப்பியிருக்கிறார்கள், ஒருநாள்கூடக் காலி செய்யவில்லை. பளிங்கு மாதிரித் தண்ணீர். பாறையை ஒட்டிய ஓரத்தில், இலை நிழலில், ஈர்க்குச்சித் துண்டுகள். நூற்றுக்கணக்கில். எல்லாம் படுத்திருந்தன.

கரண்டியில் மொண்டு ஒரு சின்னப் புட்டியில் ஊற்றி மூடினாள். வாளியில் இருந்த மீனைத் தொட்டிக்குள் விட்டாள். மீன்கள் உடனே வேலையைத் தொடங்கின. ஆனால் இது கால தாமதமான வேலை என்று அவளுக்குத் தெரியும். பறந்துபோனவை பறந்துபோனவைதான். அவை யாரைக் கடித்தன, எதை வாங்கிக்கொண்டு யாரிடம் கொடுத்தன என்பதுதான் இனிக் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் ஏற்கனவே அவள் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

ராஜாராமுக்கு இது பதினெட்டாவது வருடம். பதினெட்டாவது வருடம் போகிறவர் தென்னங்கன்று ஒன்றைத் தோளில் சுமந்துபோய் மலையில் நட வேண்டும். கொட்டகை வாசலில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் அந்தக் கன்று நின்றது. குவாரியில் வெடித்த கல் ஒரு காதைச் செவிடாக்கிவிட்டு உயிரை விட்டுவைத்த வருடம் மாலை போட்டவர் அவர். அதிலிருந்து ஒரு வருடமும் விட்டதில்லை. இப்போது ஊருக்கே குருசாமி. அவர் உட்கார் என்றால் பத்துப் பேரும் உட்காருவார்கள்.

இந்த வருடம் பஜனையில் அவருக்கு அருள் வந்தது. அந்தியில் சரணம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தோள் குலுங்கும், தாடை அடித்துக்கொள்ளும், உடம்பெல்லாம் நடுங்கும். உடுக்கை அடிப்பவன் வேகம் கூட்டுவான். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அடுத்த வீட்டு ரமா வந்து, "உன் வூட்டுக்காரருக்கு இன்னா அருளு! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சி போச்சுக்கா" என்றாள். சாரதாம்பாளும் போய்ப் பார்த்தாள். மயிர்க்கூச்சு அவர் கைகளில்தான் இருந்தது. நகக்கண் நீலம். அடங்கியபின் கண் சிவந்து உடம்பு அடுப்பாகக் கொதித்தது. பிறகு வேட்டி நனைகிற வியர்வை. மறுநாள் அந்தியில் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் மறுபடி வந்தது.

அவள் தம்பி குவாரிக் கொட்டாயில் இப்படித்தான் இருந்தான். ஒருநாள் நடுங்குவான், ஒருநாள் சிரித்துக்கொண்டு களி தின்பான். "சரியாப்பூடுச்சு" என்று அவன் சொன்ன அன்று எல்லோரும் நம்பினார்கள். மறுநாள் லாரியில் கல் ஏற்றும்போது விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது யாரையும் அடையாளம் தெரியவில்லை. திரும்பி வரவில்லை.

இன்று அந்தியில் இருமுடிக் கட்டு நிறைப்பு. நாளை விடியலில் வேன். இன்று ராஜாராமுக்கு நடுக்கம் வருகிற நாள். வேன் ஏறுவதற்குள் அவர் விரலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் அவர் காய்ச்சலோடு காட்டு வழியில் மலையேறுவார். ஏறி இறங்குவாரா என்பது அவள் தம்பி விஷயத்தில் அவளுக்குத் தெரிந்துபோனது.

உச்சி வெயிலில் போனாள். கொட்டகையில் மற்றவர்கள் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். ராஜாராம் தனியாக உட்கார்ந்து நெய்த்தேங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து நார் போகக் கல்லில் உரசி மழமழப்பாக்கிக்கொண்டிருந்தார். காய்ச்சல் கழன்ற முகம், கன்னம் ஒட்டியிருந்தது.

"சாமி சரணம்" என்றாள், வெளியே நின்றபடி.

"சாமி சரணம். இன்னா மாளிகைப்புறம், சோத்துக்கு இன்னும் நேரம் கீதே?"

"தொட்டியில மீன எடுக்கச் சொன்னது நீங்களா சாமி?"

"ஆமா. வெரதத்துல கவுச்சி ஆவுமா?"

"நகத்தளவு மீனு. அதுக்கு இன்னா கவுச்சி?"

"நகத்தளவுன்னாலும் மீன் மீன்தான்."

அவள் புட்டியை எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்தாள். அவர் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பதினைந்து வருடம் கொசுக்காரியோடு குடித்தனம் செய்தவர். எதைப் பார்க்கிறோம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. புட்டியை வைத்துவிட்டு மறுபடி தேங்காயை உரசினார்.

"இன்னிக்குக் குளிர் வரும்" என்றாள்.

"அது குளிர் இல்ல. அய்யன் வர்றது."

"அய்யன் இன்னா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷிப்டு பாக்கிறாரா?"

அவர் உதடு சிரிக்கப் போய் நின்றது. "வாய அடக்கு. வெரத எடம்."

"போன ஆடியில மங்களூருக்குச் செல எறக்கப் போயிட்டு மலேரியாக் காய்ச்சலோட வந்தீங்களே. மார்கரெட் நர்சம்மா குடுத்த மாத்திரைய முழுசா முழுங்கினீங்களா?"

ராஜாராம் தேங்காயைத் திருப்பி மறுபக்கத்தை உரசினார்.

"கேக்கிறேன் சாமி."

"கொமட்டுச்சு. காய்ச்சல் வுட்டுடுச்சு. இன்னாத்துக்கு அப்பறம் மாத்திரை?"

"யோவ்!" சாமி என்கிற வார்த்தை அவள் வாயிலிருந்து கழன்றுவிட்டது. "ஊரு சனத்துக்கெல்லாம் முழுங்கு முழுங்குன்னு சொல்லிகினு திரியறேன். என் வூட்டுலயே துப்பியிருக்கிற. அந்த மிச்சம்தான் இப்ப மறுபடி கெளம்பியிருக்கு."

துப்பினார் என்றால் அவளுக்கும் அதில் பங்கு உண்டு. தினம் மாத்திரையைத் தட்டில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடிவிடுவாள். விழுங்குவதை நின்று பார்த்ததில்லை. அதை இப்போது பேசிப் பலன் இல்லை.

"நர்சம்மாவ வரச் சொல்றேன்" என்றாள். "மலைக்குப் போறவங்க எல்லாருக்கும் எடுக்கிறோம்னு சொல்லிக்கலாம். ஒங்களுக்குன்னு யாருக்கும் தெரியாது. ஒரு சொட்டு. இல்லன்னா சாமான் வாங்கப் போன ஆளுங்க வர்றதுக்குள்ள இப்பவே வாங்க, நடந்துட்டு வந்துடலாம்."

"கட்டு நெறைக்கிற அன்னிக்கு ரத்தம் காட்டறதா? நகங்கூட வெட்டாம இருக்கோம்." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பதினெட்டு. வெளங்குதா ஒனக்கு? அந்தக் கன்னு இந்த வருசம் போவணும். போயி நட்டுட்டு வந்து ஒன் மாத்திரைய கிலோ கணக்குல முழுங்கறேன்."

"வந்தாத்தானே."

அவர் அடுத்த தேங்காயை எடுத்தார்.

துணை சுகாதார நிலையத்தில் மார்கரெட் ஒரு கைக்குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். சாரதாம்பாள் சொன்னதை வேலையை நிறுத்தாமலே கேட்டார். பஞ்சை அழுத்திவிட்டு, "மேல ஒரு போன் போட்டா வேன நிறுத்திடலாம். போடட்டா?" என்றார்.

"வேணாம் சிஸ்டர். போலீசு மாதிரி வந்தா பத்துப் பேரும் வேற வண்டி புடிச்சி ஓடிப்பூடுவானுங்க. அப்பறம் எந்த ஊர்ல எவன் வுழுந்தான்னு தேடணும். அவரு வாயாலயே வரணும். அவரு கைய நீட்டினா அத்தன பேரும் நீட்டுவானுங்க."

"அவரு நீட்டலன்னா?"

"அப்ப போடுங்க போன."

மார்கரெட் மலேரியா டெஸ்ட் கிட் பெட்டியைத் திறந்து எத்தனை இருக்கிறது என்று பார்த்து மூடினார். "அந்திக்கு வர்றேன். பெட்டி வண்டியிலதான் இருக்கும். நீங்க கண்ணக் காட்டினாத்தான் எறக்குவேன்."

அந்தியில் கொட்டகை முன்னால் பந்தல் நிறைந்துவிட்டது. இன்று அருள் வருகிற நாள் என்று கூட்டம் கணக்குப் போட்டு வைத்திருந்தது. சாரதாம்பாள் போட்ட கணக்கையேதான் ஊரும் போட்டிருக்கிறது. பெயர்தான் வேறு.

முதல் கட்டு கன்னிசாமிக்கு. முதல் தடவை போகிறவர் அப்படித்தான். இந்த வருடம் ஒரே கன்னிசாமி ஜெகதீசன். சிறுசேரி கம்பெனி ஆட்களை ஷட்டில் வண்டியில் ஏற்றிப்போய் இறக்குகிறவன். மலைக்குப் போகிற வேனையும் அவன்தான் ஓட்டப்போகிறான். பகல் முழுக்க ஓட்டி, பிறகு மலைப் பாதையில் வளைவு வளைவாக ஏற்ற வேண்டும். அவன் மனைவி காயத்ரி முன்வரிசையில் கைகூப்பி நின்றாள்.

ராஜாராம் மனைப்பலகையில் உட்கார்ந்தார். எதிரில் ஜெகதீசன், கண் துளைத்துத் தண்ணீர் வடித்த தேங்காயை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அந்தச் சின்னக் கண் வழியாகத்தான் நெய் இறங்க வேண்டும். ராஜாராம் கிண்ணத்தைச் சாய்த்தார். நெய் நூலாக இறங்கியது. கூட்டம் சரணம் சொன்னது.

சாரதாம்பாள் நெய்யைப் பார்க்கவில்லை. கிண்ணம் பிடித்த கையின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் முதலில் தெரிந்தது. நூல் அறுந்தது. மறுபடி ஒட்டியது. மறுபடி அறுந்து தேங்காயின் மேல் வழிந்தது. தோள் குலுங்கியது.

"வந்துடுச்சு!" என்றாள் ரமா. "சாமியே சரணம்!"

உடுக்கை முழங்கியது. மார்கரெட் ஒரு அடி எடுத்து வைத்தார். சாரதாம்பாள் அவர் கையைப் பிடித்தாள். "இருங்க சிஸ்டர்."

"கிண்ணமே வுழப்போவுது."

"இருங்க."

விழுந்தது கிண்ணம் அல்ல, தேங்காய். ஜெகதீசனின் கையிலிருந்து. அவன் இரண்டு கையும் வெறுமையாக முன்னால் நீண்டபடியே நடுங்கின. பல் கிட்டி அடிக்கிற சத்தம் முன்வரிசைவரை கேட்டது. தேங்காய் உருண்டு பாயில் நெய் கொட்டியது.

"என் வூட்டுக்காரருக்கும் வந்துடுச்சு!" காயத்ரிக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. "மொத வருசத்துலயே! அய்யப்பா!"

கூட்டம் கூத்தாடியது. குருவுக்கும் சிஷ்யனுக்கும் சேர்ந்தாற்போல் அருள். உடுக்கைக்காரன் எழுந்தே நின்றுவிட்டான்.

ராஜாராம் ஜெகதீசனைப் பார்த்தார். இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. நீலம் பாரித்த உதடு, புல்லரித்துச் சொரசொரத்த கை. எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். இருவர் கையும் சேர்ந்து ஆடின. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது எதுவாகவும் இருக்கலாம். உள்ளே எப்படி இருக்கும் என்று அந்தப் பந்தலில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எலும்புக்குள் ஐஸ் இறங்குகிற மாதிரி, யாராவது ஒரு கம்பளி போர்த்த மாட்டார்களா என்று இருக்கும். அய்யன் நினைப்பே வராது.

அவர் தலையைத் திருப்பிக் கூட்டத்தில் தேடினார். சாரதாம்பாளைக் கண்டுபிடித்தார். அவள் தலையாட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. பார்த்தபடி நின்றாள். மார்கரெட்டின் கையில் அவள் நகம் பதிந்திருந்தது.

ராஜாராம் கையை உயர்த்தினார். உடுக்கை நின்றது.

"இது அய்யன் இல்ல." தாடை அடித்துக்கொண்டதில் வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "காய்ச்சல். எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும்."

தாமோதரன்தான் முதலில் வாய் திறந்தார். "குருசாமி, இன்னா சொல்றீங்க?"

"தெரிஞ்சேதான் ஆடினேன். நீங்க சரணம் சொன்னீங்க, கேக்க நல்லாயிருந்துச்சு." ஜெகதீசனின் மணிக்கட்டை அவர் விடவில்லை. "இவனுக்கும் அதான். இவன் நாளைக்கு ஸ்டியரிங் புடிச்சா நம்ப பத்துப் பேரும் பள்ளத்துல. நர்சம்மா வந்திருக்காங்க. மொத கை என்னுது. என் பின்னால எல்லா சாமியும் கைய நீட்டணும். குரு சொல்றேன்."

பின்னாலிருந்து ஒரு குரல். "கட்டு நெறைக்கிற எடத்துல ரத்தமா சாமி?"

"ஒரு சொட்டு. மாசம் பூரா கொசு குடிச்சிது, அப்ப எவனும் கேக்கல."

சாரதாம்பாள் மார்கரெட்டின் கையை விட்டாள். மார்கரெட் வண்டியை நோக்கி ஓடினார்.

ராஜாராமின் விரல் ஆடிக்கொண்டே இருந்ததால் சாரதாம்பாள் அதைத் தன் இரண்டு கைக்குள் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. குத்தி, சொட்டை எடுத்து, கிட்டில் விட்டார் மார்கரெட். கண்ணாடித் துண்டிலும் ஒன்று தேய்த்துக்கொண்டார். அடுத்து ஜெகதீசன். பிறகு வரிசையாக எல்லாரும். தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினார். ஆளுயரச் சிலையைத் தோள் கொடுத்துத் தூக்குகிறவர், ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். அந்த அந்தியில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

கிட்டில் மலேரியாக் கோடு விழக் கொஞ்ச நேரம் ஆனது. ராஜாராமுக்கு விழுந்தது. ஜெகதீசனுக்கு விழுந்தது. தாமோதரனுக்கும் லேசாக விழுந்தது. அவருக்கு இன்னும் நடுக்கமே தொடங்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமே இல்லியே!" என்றார்.

"நாளைக்கோ மறாநாளோ இருந்திருக்கும்" என்றார் மார்கரெட். "மத்தவங்க கண்ணாடித் துண்டும் லேபுக்குப் போய் ரிசல்ட் வர்றவரைக்கும் யாரும் வேன் ஏறக் கூடாது. இவங்க மூணு பேரையும் இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிகினு போறேன்."

காயத்ரி கணவனுக்குத் தன் முந்தானையைப் போர்த்திவிட்டு எழுந்து சாரதாம்பாளிடம் வந்தாள். கண்ணீர் இன்னும் காயவில்லை. ஆனால் இப்போது அது வேறு கண்ணீர்.

"உன் வூட்டுக்காரர்கிட்டருந்துதானே என் வூட்டுக்காரருக்கு வந்துச்சு?"

"ஆமா."

"ஊர் பூராத் தொட்டியக் கவுத்தியே. இத்த ஏன் கவுக்கல?"

"சாமி தொட்டின்னு வுட்டுட்டேன். என் தப்புதான்." சாரதாம்பாள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அப்பறமா நிதானமாத் திட்டு. இப்ப வூட்டுக்குப் போயி ரெண்டு கம்பளி எடுத்துகினு வா. கொஞ்ச நேரத்துல கொதிக்க ஆரம்பிச்சிடும், ஈரத்துணியும் வேணும்."

காயத்ரி முறைத்தாள். பிறகு கம்பளி எடுக்க ஓடினாள்.

மறுநாள் காலை வேன் வரவில்லை. மூன்று பேரையும் டாக்டர் மாத்திரை கொடுத்து இரவே திருப்பி அனுப்பியிருந்தார். தாமோதரனின் பட்டறையிலிருந்து கல்லைத் துளைக்கிற டிரில் மிஷின் வந்தது. மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டு, நெகடிவ் என்று வந்த சாமிமார் தொட்டித் தண்ணீரைப் பக்கெட்டால் இறைத்து வெயில் மண்ணில் கொட்டினார்கள். மண்ணில் புழு துடித்து அடங்கியது. இன்று ராஜாராமுக்கு நடுக்கம் இல்லாத நாள். உடம்பில் வலு இல்லை என்றாலும் தன் கையாலேயே துளைப்பேன் என்றார். தொட்டியின் தாழ்ந்த மூலையில் சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்து, மிஷினை அழுத்தினார். கல்மாவு பறந்தது. பாதியில் உட்கார்ந்துவிட்டார். மீதியை இன்னொரு சாமி முடித்தான். வெளிச்சம் தெரிந்த ஓட்டையில் ராஜாராம் ஒரு விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். இனி அதில் கட்டை அடைத்து வைத்து, தினம் அந்தியில் திறந்துவிட்டால் தொட்டி காய்ந்துவிடும்.

"மாலையக் கழட்டணுமா?" என்று கேட்டார் தாமோதரன். குரலில் பயம் இருந்தது.

"இன்னாத்துக்கு? மாத்திரைக்கும் மாலைக்கும் இன்னா சண்டை?" என்றார் ராஜாராம். "தையில பாத்துக்கலாம். டாக்டர் போன்னு சொன்னா போறோம். சொல்லலன்னா அடுத்த வருசம்."

சாரதாம்பாள் கேட்டுக்கொண்டே வாசலில் நின்ற தென்னங்கன்றிடம் போனாள். பக்கெட்டுக்குக் கீழே தண்ணீர் ஒழுகாமல் இருக்க யாரோ ஒரு தாம்பாளம் வைத்திருந்தார்கள். அதில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இருந்தாலும் எடுத்துக் கவிழ்த்தாள்.

பிறகு பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, காலை மாத்திரையை உரித்து ராஜாராமின் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். இட்லி தின்றபிறகுதான், வெறும் வயிற்றில் இல்லை, அதனால் குமட்டல் என்று சொல்ல முடியாது. அவர் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் வாங்கவில்லை.

"வாயத் தெறங்க சாமி."

"முழுங்கிட்டேம்மே."

"தெறங்க."

சாமிமார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருசாமி வாயைத் திறந்தார்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினார். தொட்டிக்குள் அடித்த அதே டார்ச்சை அவள் அவர் வாய்க்குள் அடித்து, நாக்கின் கீழே ஒரு பக்கம், மறுபக்கம் பார்த்தாள். அணைத்தாள். சொம்பை வாங்கி வைத்துவிட்டு, மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஜெகதீசன் வீட்டுப் பக்கம் நடந்தாள். அவனும் வாயைத் திறக்க வேண்டும். போகிற வழியில் ரமா வீட்டுக் கிணறு இருந்தது.